கேட் திறக்கிற நேரம்: பாலஸ்தீனக் கிராமங்களில் கண்டதும் கேட்டதும்

தெல்லிப்பழை; இப்போது லண்டன்

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைக் கிராமங்களுக்குப் போய்வந்த ஆக்கள் இருந்தால் எழுதுங்கோ என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தீர்கள். நான் 2019 ஒக்டோபரில் ஒலிவ அறுவடைக்கு உதவப் போனேன். கல்கிலியா மாவட்டம். கிராமத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் இன்னும் அனுமதி புதுப்பிக்க அலைகிற மனுசன். என் எழுத்தால் அவருக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது.

ஊரில் எல்லாரும் அவரை ஹாஜ் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபது தாண்டியவர். வீடு மேட்டில். தோட்டம் மேற்கே, சரிவு இறங்கிச் சமவெளி தொடங்குகிற இடத்தில். சிவந்த மண், நல்ல கிணறு, ஒலிவ, தோடை, எலுமிச்சை, கொய்யா. கல்கிலியாக் கொய்யாவுக்கு அந்த நாடு முழுக்கப் பேர் உண்டு. வீட்டு மாடியில் நின்றால் தோட்டம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நடுவில் வேலி.

2002-இல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவர்தான் அது. செய்திகளில் காட்டுகிற கொங்கிறீட் மதில் நகரப் பக்கங்களில். வயல்வெளியில் அது உணரிகள் பொருத்திய உயரமான கம்பிவேலி, ரோந்து வீதி, காலடி பதிவதற்கென்று சீர்படுத்திய மண்பாதை, முட்கம்பிச் சுருள், அகழி என்று அகலமாக நிலத்தை விழுங்கிக்கொண்டு போகும். திட்டமிட்ட நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஏறத்தாழ 85 வீதம், இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கிற 1949 போர்நிறுத்தக் கோட்டில் இல்லை. மேற்குக் கரைக்கு உள்ளுக்குள்ளேயே வளைந்து போகிறது. யூதக் குடியேற்றங்களை (மேற்குக் கரை நிலத்தில் இஸ்ரேலியர் கட்டிக்கொண்ட ஊர்களை) அந்தப் பக்கம் சேர்ப்பதற்காக வளைத்த இடங்களில் கிராமத்து நிலமும் சேர்ந்து போய்விட்டது. இது சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது என்று 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

வேலிக்கு அங்கால் அகப்பட்ட நிலத்தை 2003 ஒக்டோபரில் மூடிய ராணுவ வலயம் என்று அறிவித்தார்கள். மூடியது பாலஸ்தீனர்களுக்கு மட்டும். இஸ்ரேலியர் போகலாம். சுற்றுலா விசாவோடு வந்திருக்கிற நானும் போகலாம். ஹாஜ், தன்னுடைய தகப்பன் நட்ட மரத்தைத் தொட அனுமதி அட்டை எடுக்க வேணும். என் பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபத்தை இப்ப எழுதும்போதும் அடக்க முடியவில்லை.

அட்டை எடுப்பது எப்படி என்று அவர் மருமகள் எனக்கு வடிவாக விளங்கப்படுத்தினார். முதலில் நிலம் உங்களுடையது என்று நிறுவ வேணும். ஒஸ்மானியர் காலத்துப் பத்திரம், ஜோர்தான் ஆட்சிக் காலத்து வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, அந்த நிலத்தில் உங்களுக்கு விவசாயத் தேவை இருக்கிறது என்று நிறுவ வேணும். 2017-க்குப் பிறகு வந்த விதியின்படி 330 சதுர மீட்டருக்குக் குறைந்த பங்குக்கு விவசாயத் தேவை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே நில அளவு துனம். ஒரு துனம் 1,000 சதுர மீட்டர், எங்கட கணக்கில் கிட்டத்தட்ட நாலு பரப்பு. 330 என்றால் ஒன்றேகால் பரப்புக்குச் சற்றுக் கூட. இரண்டு துனம் வைத்திருந்த ஒருவர் இறந்து ஏழு பிள்ளைகள் பங்கு பிரித்தால் ஏழு பேரும் இந்த வரம்புக்குக் கீழே வந்துவிடுவார்கள். மரம் அதேதான், மண் அதேதான், ஒருவருக்கும் அட்டை இல்லை. ஒலிவ வைத்திருப்பவர்களுக்கு வருசத்துக்கு 40 தரம் மட்டும் போகலாம் என்ற கட்டுப்பாடும் நான் போன காலத்தில் வந்திருந்தது. ஒலிவ மரத்துக்கு அவ்வளவு தரம் போனால் போதும் என்று யாரோ ஒரு அலுவலகத்தில் இருந்து தீர்மானித்திருக்கிறார்கள்.

ஹாஜுக்கு அட்டை இருந்தது. அவர் மனைவிக்கு இல்லை. இரண்டு மகன்களுக்கும் இல்லை. கிழவர் தனியாகக் காய் பறிக்க முடியாது என்பதால்தான் எங்களைப் போன்ற ஆக்கள் தேவைப்பட்டோம்.

நான் போன காலத்தில், வேலியில் இருந்த அந்த ஊர்க் கேட் நாளுக்கு மூன்று தரம் திறக்கும்: விடிய, மத்தியானம், பின்னேரம். திறந்து கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார்கள். இது நல்ல கேட் என்று சொன்னார்கள். வேறு ஊர்களில் கிழமைக்கு ஒன்றிரண்டு நாள்தான். மிச்சப் பெரும்பாலான கேட்டுகள் ஒலிவ அறுவடைக் காலத்தில் மட்டும் சில வாரம். நாங்கள் இருட்டோடு போய் வரிசையில் நிற்போம். உழவு இயந்திரம், கழுதை வண்டி, தலையில் தண்ணீர்க் கலன் வைத்த பெண்கள். சிப்பாய் ஒவ்வொரு அட்டையாகப் பார்ப்பார். ஹாஜ் வாய் திறக்க மாட்டார். அங்கால் போனதும் அவருக்குக் கதை வந்துவிடும்.

பறிக்கிற வேலை எனக்குப் பிடித்தது. மரத்தைச் சுற்றிப் பெரிய படங்கு விரித்து, கீழ்க்கொப்புகளைக் கையால் உருவி, மேல்க்கொப்புக்கு ஏணியும் கைச்சீப்பும். காயை அடித்துக் கொட்டினால் அடுத்த வருசம் காய்க்கிற தளிர் முறியும் என்று தடியைத் தொட ஹாஜ் விடமாட்டார். பத்து மணிக்கு மரத்தடியில் சாப்பாடு: ரொட்டி, போன வருசத்து எண்ணெய், ஸஅத்தர் என்கிற மூலிகைப் பொடி, அங்கேயே கல்லடுப்பு மூட்டி வதக்கிய தக்காளி, மரமியா இலை போட்ட தேநீர். பறித்ததை இரண்டொரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேணும், இல்லாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும்.

கொய்யாதான் பாவம். ஒலிவ ஒரு நாள் பொறுக்கும், கொய்யா பொறுக்காது. மத்தியானக் கேட்டுக்குப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு நாள் கேட் திறக்கப் பிந்தியது. எவ்வளவு பிந்தும் என்று கேட்க ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தன் மேற்சட்டையைக் கழற்றிப் பெட்டி மேல் போர்த்தினார். பின்னேரக் கேட்டைத் தவறவிட்டால் நிலை இன்னும் மோசம். அங்கால் இரவு தங்க அந்த அட்டை இடம் கொடுக்காது. அதனால் திறக்கிற நேரத்துக்கு வெகுமுன்னமே வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து குந்தியிருப்பார்கள். நல்ல வெளிச்சம் இருக்கும், மரத்தில் காயும் இருக்கும், ஆக்கள் வேலியடியில் இருப்பார்கள்.

அறுவடைக்குத்தானே விடுகிறார்கள் என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். ஒலிவ என்பது காய் பறிக்கிற நேரம் மட்டும் போய்ப் பார்க்கிற மரம் இல்லை. மாரியில் கொப்பு வெட்ட வேணும், மழை விட்டதும் உழ வேணும், வெயில் காலத்துக்கு முன் புல்லுச் செருக்க வேணும். செருக்காவிட்டால் காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும், தீயணைக்க ஓடவும் கேட் திறக்க வேணும். வேலிக்கு அங்கால் உள்ள மரங்களின் விளைச்சல் இந்தப் பக்கத்து மரங்களைவிட ஏறத்தாழ 60 வீதம் குறைவு என்று ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் கணக்கெடுத்திருக்கிறது. இரண்டு பக்கத்து மரங்களையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கெடுக்காமலே தெரியும்.

எங்கட தெல்லிப்பழைக் காணி 1990-இல் இலங்கை ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அப்பா கண்ணை மூடும்வரை காணி உறுதிப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தவர். ஹாஜின் பிளாஸ்டிக் பையைப் பார்த்தபோது நான் அவருக்கு இதைச் சொன்னேன். மருமகள் மொழிபெயர்த்தார். ஹாஜ் கேட்ட ஒரே கேள்வி: "உறுதி இப்ப யாரிடம் இருக்குது?" என்னிடம்தான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பையைத் திருப்பிக் கட்டினார்.

காசாப் போர் தொடங்கிய 2023 ஒக்டோபருக்குப் பிறகு அந்தக் கேட் பூட்டிக் கிடந்தது. அந்த வருசம் மேற்குக் கரை முழுக்க 96,000 துனத்துக்கு மேல் ஒலிவ பறிக்கப்படாமல் கிடந்தது என்று அதே ஐ.நா. அலுவலகம் சொன்னது. அதே நேரம் இஸ்ரேலுக்குள் கூலிவேலைக்குப் போய்வந்த லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் அனுமதியும் போனது. ஹாஜின் மகன்களில் ஒருவரும் அவர்களில் இருந்தார்.

மன்னார்குடி

அண்ணா, அட்டை இல்லாத மகன்களுக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் கூட்டிப் போகலாமா? எங்கள் பக்கம் அறுவடைக்கு ஆள் கிடைக்காததே பிரச்சினை, அதனால் கேட்கிறேன்.

தெல்லிப்பழை; இப்போது லண்டன்

கூலி ஆளுக்கும் தனி அட்டை வேணும் தம்பி. நிலச்சொந்தக்காரர் மனுக்கொடுத்து, அது வருவதற்குள் பருவம் போய்விடும். ஆள் இருக்கிறார்கள், ஊர் நிறைய இருக்கிறார்கள். வேலியடிவரைதான் வரலாம்.

திருச்சி

நான் பள்ளி ஆசிரியை. 2016-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் துணையிருப்புத் திட்டத்தில், அதாவது வெளியாட்கள் கிராமத்தாரோடு தங்கித் துணையிருக்கும் திட்டத்தில், போய் யானூன் என்ற ஊரில் தங்கியிருந்தேன். நாப்லுஸ் நகரத்துக்குத் தென்கிழக்கே, அக்ரபா என்ற பெரிய ஊரைத் தாண்டி ஒரு பள்ளத்தாக்கு. மேல் யானூன், கீழ் யானூன் என்று இரண்டு. அப்போது எல்லாம் சேர்த்து நூறு பேர் இருந்திருக்க மாட்டார்கள். இங்கே வேலி இல்லை, கேட் இல்லை. அண்ணன் எழுதியதைப் படித்தபோது அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. இந்த ஊரில் எது வரை போகலாம் என்பதற்குக் கோடே கிடையாது.

சுற்றியுள்ள மலையுச்சிகளில் இதமார் என்ற யூதக் குடியேற்றத்தின் கிளைகளாக வீடுகளும் கோபுர விளக்குகளும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளும் இருக்கின்றன. ராத்திரி முழுக்க அந்த விளக்கு ஊருக்குள் விழும். ஆடு மேய்க்கும் பையன் என்னிடம் கைநீட்டிக் காட்டினான்: அந்த அத்திமரம் வரைக்கும் போகலாம், அதைத் தாண்டினால் வருவார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். போன வருஷம் அந்தப் பாறை வரை போகலாமாம், இந்த வருஷம் அத்திமரம். அனுபவித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அடிபட்ட ஆள், சுடப்பட்ட ஆடு, இவைதான் அவர்களுக்கு எல்லைக்கல்.

2002 அக்டோபரில் இந்த ஊரே காலியானது. அதற்கு முன்பு மாதக்கணக்கில் தாக்குதல், ஜெனரேட்டரை எரித்தது, ராத்திரியில் வீட்டு வாசலில் ஆயுதத்தோடு வந்து நிற்பது. கடைசியில் மிஞ்சிய குடும்பங்களும் சாமான்களை ஏற்றிக்கொண்டு அக்ரபாவுக்குப் போய்விட்டார்கள். அந்தச் செய்தி கேட்டு இஸ்ரேலிய, பாலஸ்தீன நண்பர்கள் சேர்ந்து நடத்தும் தஆயுஷ் குழுவினர் வந்து காலி வீடுகளில் தங்கினார்கள். வெளிநாட்டவர்களும் வந்தார்கள். அவர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பியது. எல்லாரும் திரும்பவில்லை. அன்றிலிருந்து வெளியாள் யாராவது ஒருவர் ஊரில் இருக்க வேண்டும் என்று ஊரே விரும்பியதன் தொடர்ச்சிதான் நான் அங்கே இருந்தது.

என் வேலை: காலையிலும் மாலையிலும் ஊரைச் சுற்றி நடப்பது, பார்ப்பது, குறிப்பெழுதுவது, ஏதாவது நடந்தால் தொலைபேசியில் கூப்பிடுவது. ஆறு வகுப்பு கூட நிறையாத சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் நான் சாலையில் நிற்பேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வெள்ளாட்டுப் பாலும் செம்மறிப் பாலும் காய்ச்சி நாப்லுஸ் பாலாடைக்கட்டி போடுவார். உப்புநீரில் ஊறவைத்து டின்னில் அடைத்தால் வருஷம் முழுக்க வரும். கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளைகள், மாமியார் இருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டு முடித்துவிட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே என்று ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்வார். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு ரொட்டி போடுவார்.

அறுவடை நாளைப் பற்றி எழுத வேண்டும். குடியேற்றத்துக்குப் பக்கத்தில் உள்ள மரங்களுக்கு நினைத்த நாளில் போக முடியாது. ராணுவம் நாள் குறித்துத் தரும். அந்த நாளில் மட்டும் ஜீப் வந்து நிற்கும், அன்றைக்குப் பறித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. யானூன் ஊராட்சித் தலைவரும் பக்கத்து ஊர்த் தலைவர்களும் போட்டது. விவசாயிகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி விவசாயிகளையே நிலத்திலிருந்து வெளியே அனுப்புவது கூடாது, தாக்குகிறவர்களைத்தான் தடுக்க வேண்டும் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2006 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் ஜீப்பும் வந்திருக்காது என்று ஊரார் சொன்னார்கள். ஆனால் குறித்துத் தரும் நாள் மரத்துக்குப் போதாது. நான் இருந்தபோது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நாளில் மழை கொட்டியது. மழையில் காய் பறிக்க முடியாது, மண் வழுக்கும், ஏணி நிற்காது. நாளை மாற்றித் தரச் சொல்லிப் பெரியவர் போன் மேல் போன் போட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில். அடுத்த வாரம் போனபோது மரங்கள் வெறுமையாக இருந்தன. யாரோ முந்திக்கொண்டு பறித்துவிட்டார்கள். கீழே கிடந்த ஓலைப்பாய் கூட அந்தக் குடும்பத்துடையது இல்லை.

அன்றைக்குக் கூடப் பறிக்க வந்தவர்களில் ஒரு யூத ரபி இருந்தார். மனித உரிமைகளுக்கான ரபிகள் என்று ஓர் அமைப்பு 1988 முதல் இருக்கிறது, வருஷா வருஷம் அறுவடைக்கு ஆள் திரட்டி வருவார்கள். வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு அவர் அழுதார். பெரியவர்தான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே முந்தைய விவாதங்களில் யூதர்கள் என்று மொத்தமாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. யார் வீட்டை எரித்தார்கள், யார் காலி வீட்டில் வந்து படுத்தார்கள் என்று அவர்களுக்கு ஆள் ஆளாகத் தெரியும்.

தேனி

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் நான். 2018-ல் எங்கள் சபையோடு புனித யாத்திரை போனபோது, பெத்லகேமில் குழுவினர் கடைவீதிக்குப் போன பகலில் நான் ஒரு டாக்ஸி பிடித்துப் பத்தீர் என்ற கிராமத்துக்குப் போனேன். வெகுநாள் ஆசை. பெத்லகேமுக்கு மேற்கே கிட்டத்திலேயே இருக்கிறது. ரோமர் காலத்திலிருந்து ஓடும் சுனைநீர்ப் பாசனம் என்று படித்திருந்தேன். போடி, கம்பம் பக்கத்து மலைச்சரிவுகளில் கல்கட்டு போட்டு விவசாயம் செய்பவர்களோடு வேலை பார்த்தவனுக்கு அதைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது.

மலை முழுக்கப் படிப்படியாகக் கல்கட்டு. சாந்து கிடையாது, கல்லோடு கல் கோத்து அடுக்கியது. ஊருக்குள் சுனையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு பழைய தொட்டியில் நிறைகிறது. அங்கிருந்து வாய்க்கால் பிரிந்து கீழ்ப்படிகளுக்கு இறங்குகிறது. எட்டுக் குடும்பக் கிளைகள், எட்டு நாள் முறை. ஒரு நாள் தண்ணீர் ஒரு கிளைக்கு. அந்தக் கிளைக்குள் யாருக்கு எவ்வளவு என்பதைத் தொட்டியில் கோடு போட்ட குச்சியை நிறுத்தி நீர்மட்டம் பார்த்துப் பிரிக்கிறார்கள். மடையை அடைக்கக் கல், துணி, மண். பம்ப்செட் சத்தம் இல்லாத பாசனத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். கீழே கத்தரித் தோட்டம். பத்தீர்க் கத்தரி நீளமாக, மென்தோலாக இருக்கும். குடைந்து அரிசி வைத்துச் சமைப்பதற்கு அந்த நாட்டுப் பெண்கள் அதைத்தான் தேடுவார்களாம்.

தோட்டக்காரர் ஒருவரிடம் டாக்ஸிக்காரர் உதவியோடு பேசினேன். வெள்ளை ஈ பிரச்சினை, விதை அவர்களே எடுத்துவைப்பது, விலை. பெத்லகேம் சந்தையில் இஸ்ரேலியப் பண்ணைக் காய்கள் குறைந்த விலைக்கு வந்து குவிகின்றன, நாங்கள் அதோடு மோத முடியவில்லை என்றார். அவர் பிள்ளைகள் தோட்டத்துக்கு வருவதில்லை. இந்தப் பேச்சு எந்த நாட்டிலும் நான் கேட்கக்கூடியதுதான்.

பள்ளத்தாக்கின் அடியில் ரயில்பாதை ஓடுகிறது. யாஃபாவிலிருந்து எருசலேமுக்கு 1892-ல் போட்ட பாதை. ஒரு காலத்தில் பத்தீரில் ரயில் நின்றது, ஊர்ப் பெண்கள் காய்கறிக் கூடையோடு ஏறி எருசலேம் போய் விற்றுவிட்டு வருவார்கள். 1948 போரில் ஊர் பெரும்பாலும் காலியானது. தங்கிவிட்ட சிலர், ஆள் இருப்பதாகக் காட்ட வீடு வீடாக விளக்கேற்றி, துணி காயப்போட்டு வைத்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். ஹசன் முஸ்தஃபா என்ற ஊர்த்தலைவர் 1949 போர்நிறுத்தப் பேச்சின்போது ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ரயிலுக்கு எந்தச் சேதமும் வராமல் ஊரார் பார்த்துக்கொள்வார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் இஸ்ரேலுக்குள் போய்விட்ட நிலங்களை அவர்களே தொடர்ந்து பயிர் செய்யலாம். ஊர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம். நான் நின்றபோது ஒருவர் தண்டவாளத்தைத் தாண்டி, தோளில் மண்வெட்டியோடு, தன் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அட்டை கேட்கவில்லை.

லண்டன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வேலியும் கேட்டும் இல்லாமலே அங்கே ரயில் பத்திரமாக ஓடியிருக்கிறது, எழுபது வருஷமாக. பாதுகாப்புக்கு வேலியைத் தவிர வழி இல்லை என்பவர்கள் பத்தீருக்கு ஒரு தரம் போய் வரலாம்.

அங்கேயும் சுவர் கட்டத் திட்டம் போட்டார்கள். ஊரார் வழக்குப் போட்டார்கள். இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் ஆணையமே இந்தக் கல்கட்டுகள் அழிந்துவிடும் என்று சுவரை எதிர்த்தது. 2014-ல் யுனெஸ்கோ பத்தீரை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், கூடவே ஆபத்தில் உள்ளதாகவும் அறிவித்தது. 2015 ஜனவரியில் சுவர்த் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னிடம் அவர்கள் சொன்னார்கள். ஆனால் 2024 ஆகஸ்டில் அதே பாரம்பரிய நிலத்தில் நஹல் ஹெலெட்ஸ் என்று ஒரு புதிய குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தத் தொட்டிதான் மனசில் வந்தது. மேலே வீடு கட்டிச் சாலை வெட்டினால் சுனைக்கு வரும் ஊற்றுக்கண் என்ன ஆகும் என்பதை நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வேலை செய்த யாரும் சொல்வார்கள்.

மன்னார்குடி

ஐயா, ஒரு சந்தேகம். ஒரே குடும்பத்துக்கு எப்போதும் வெள்ளிக்கிழமை முறை வந்தால் தொழுகைக்கும் தண்ணீருக்கும் இடிக்காதா? எங்கள் வாய்க்காலில் ராத்திரி முறை யாருக்கு என்பதில்தான் சண்டையே.

தேனி

வராது. வாரம் ஏழு நாள், முறை எட்டு நாள். ஒவ்வொரு சுற்றிலும் கிழமை ஒன்று தள்ளிப் போய்விடும். எட்டுக் கிளைக்கும் வெள்ளிக்கிழமை மாறி மாறி வரும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

தோஹா, சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம்

நான் பாலஸ்தீனம் போனதில்லை. ஆனால் என்னோடு வேலை பார்ப்பவர் மேற்குக் கரையில் சல்ஃபீத் மாவட்டத்துக்காரர். ஒரே அறையில் தங்கியிருந்தோம், இப்போது பக்கத்துப் பக்கத்து ஃப்ளாட். அவர் ஊர் நிலத்துக்குப் பக்கத்தில்தான் 1978-ல் ஆரியல் குடியேற்றம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் அவர் அப்பா எண்ணெய் அனுப்புவார். 16 கிலோ டின். அவர் ஊருக்குப் போவதென்றால் தோஹாவிலிருந்து அம்மான், அம்மானிலிருந்து ஜோர்தானுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவில் உள்ள அலன்பி பாலம், அங்கே சோதனை, பிறகு ஜெரிக்கோ, பிறகு ஊர். பாலம் எந்த நேரம் திறந்திருக்கும் என்று பார்த்துத்தான் விமான டிக்கெட் போடுவார். லீவில் போகவர இரண்டு பக்கமும் முழுசாக ஒரு நாள் கழித்துத்தான் கணக்குப் பண்ணுவார்.

அவரிடம் நான் ஒரு தரம் கேட்டேன். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, நீங்க சம்பாதிக்கிறீங்க, அந்த மேட்டு நிலத்தை ஏன் இன்னும் உழுதுட்டு இருக்கார்?" அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் இங்கே பகிர வந்தேன்.

1858-ல் துருக்கிக்காரர்கள் போட்ட நிலச்சட்டம் ஒன்று. தொடர்ந்து மூன்று வருஷம் பயிர் செய்யாமல் விட்ட நிலம் அரசுக்குத் திரும்பலாம். அந்தக் காலத்தில் வரி வசூலுக்காகப் போட்டது. 1979-ல் இலோன் மோரே என்ற குடியேற்றம் பற்றிய வழக்கில், ராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தில் குடியேற்றம் கட்டக்கூடாது என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு இந்தப் பழைய சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். பயிர் இல்லாத நிலம் என்றால் அரசு நிலம், அரசு நிலம் என்றால் குடியேற்றத்துக்குக் கொடுக்கலாம். வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து எது பயிர் நிலம், எது இல்லை என்று முடிவு செய்கிறார்கள். பாறை மிகுந்த மேட்டில், துண்டு துண்டாக மண் உள்ள இடத்தில் மட்டும் மரம் வைத்திருந்தால், பாதிக்கு மேல் பயிர் இல்லை என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவதும் நடந்திருக்கிறது.

எங்கள் ஊரில் மானாவாரி நிலத்தைத் தரிசு போட்டால் சீமைக்கருவேலம் மண்டும், மனசு வந்தால் வெட்டிவிட்டுத் திரும்ப உழலாம். அவர் ஊரில் தரிசு போட்டால் நிலமே போய்விடும். அதனால்தான் அந்தப் பெரியவர் காய் வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் உழுகிறார். டிராக்டர் போன பாதையை மண்மேடு போட்டு அடைத்துவிட்டதால் கழுதை ஏர். உழுத மண் படத்தில் தெரிய வேண்டும். ஆலை ரசீதையும் எடுத்து வைக்கிறார்.

2023 அறுவடையில் அவரால் மேட்டுக்குப் போக முடியவில்லை. குடியேற்றக் காவலர்கள் துப்பாக்கியோடு வந்து திருப்பி அனுப்பினார்கள். 2024-லும் அப்படியே. நண்பர் அலுவலகத்தில் அக்டோபர் மாதம் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். அப்பா பேசும்போது எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எத்தனை வருஷம் ஆயிற்று என்பதுதான் பேச்சு.

2025 பிப்ரவரியில் ஊரில் இருக்கும் நண்பரின் தம்பி விடிவதற்குள் கழுதையோடு போய், மேல் ஓரத்தில் இரண்டு மூன்று படி மட்டும் உழுதுவிட்டுச் சூரியன் ஏறும்முன் இறங்கிவிட்டார். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். அப்பா கேட்டது, படத்தில் தேதி விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருக்கிறது. ஒரு பிரதி வக்கீலிடம் இருக்கிறது, ஒன்று நண்பரிடம், ஒன்றை என் கணினியிலும் ஏற்றி வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறேன்.